வளவு வரைக்கும் வரலாமா அந்தப் பிள்ளை?

சிங்கப்பூரில் ஆறு வருடம் இருந்துவிட்டு தேவகோட்டைக்குத் திரும்பி வந்த ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவர் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அங்கே அவளுக்கு ஒரு சீனப் பிள்ளையும் ஒரு மலாய்ப் பிள்ளையும் உயிருக்கு உயிரான தோழிகள். இங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. புதிதாக இரண்டு கூட்டாளிகள் கிடைத்திருக்கிறார்கள். ஒருத்தி கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் மகள், இன்னொருத்தி ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருகிறவள். ஒரு சனிக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தபோது மாமியார் அவர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்து, பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். "சிங்கப்பூரில் எல்லாரும் என் ரூமுக்கு வந்தார்களே, இங்கே ஏன் வரக் கூடாது?" என்று மகள் கேட்கிறாள். வகுப்பிலும் பிள்ளைகள் தனித்தனிக் கும்பலாகத்தான் சாப்பிடுகிறார்களாம். இது பிள்ளைகளின் இயல்பா, நாம் சொல்லிக் கொடுத்ததா, இந்த நட்பு நிலைக்குமா, நான் என்ன செய்யட்டும் என்பது அந்தத் தாயின் கேள்வி.

நான் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்திரண்டு வருடம் தொடக்க வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகள் காய் விடுவதையும் பழம் விடுவதையும் தினம் பார்த்தவள். அந்த அனுபவத்தையும், இதுபற்றி நான் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் பேப்பர் கப்தான். டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த காலத்தைப் பார்த்த தலைமுறை நான். பேப்பர் கப் எல்லாருக்கும் பொதுவாக வந்தபோது அது போய்விட்டது என்று நிம்மதியானோம். ஆனால் எவர்சில்வர் டம்ளர் அடுக்கி வைத்திருக்கிற வீட்டில், இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் பேப்பர் கப்பைத் தேடி எடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். காலனிப் பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரியும். உங்கள் மகளுக்கும் தெரிந்துவிட்டது, அதனால்தான் கேட்கிறாள். "பாட்டிக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லி அதை மூடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து தொடங்கலாம். அங்கே உங்கள் மகளின் அறைக்கு எல்லாரும் வந்து போனது தானாக நடந்த காரியம் இல்லை. 1964 ஜூலை 21ஆம் தேதி அங்கே இனக் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. அந்த நாளைத்தான் 1997 முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக வைத்திருக்கிறார்கள், உங்கள் மகளும் அன்றைக்குப் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள். அது ஒரு நாள் விழா. அதைவிடப் பெரிய காரியம் 1989ல் கொண்டுவந்த வீட்டு விதி. அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். அங்கே பெரும்பாலான மக்கள் குடியிருப்பது அந்த வீடுகளில்தான். அதனால் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை விளையாட வருவதற்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

நம் ஊர்களில் அதற்கு நேர் எதிரான ஏற்பாடு. யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதும் இங்கே ஒரு விதிதான், எழுதாத விதி. அதைப் பிரிப்பதற்காகவே வைத்தார்கள். சில சமயம் எழுதியும் வைத்தார்கள். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நம் ஊர்களெல்லாம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. நகை போடக் கூடாது, இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது என்கிற மாதிரியான தடைகள். அது போதாதென்று 1931 ஜூனில் பதினொன்றாக்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதார்களின் மாடு மேய்க்க மட்டும்தான் போக வேண்டும் என்பது அதில் உண்டு. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகளின் கூட்டாளியுடைய பாட்டியின் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூடாது என்று இந்த மண்ணில் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை இன்று உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறது. அது அப்படி ஒன்றும் பழைய கதை இல்லை.

சரி, இது இயல்பா, சொல்லிக் கொடுத்ததா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை.

பிறந்த குழந்தை எந்த இனத்து முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். மூன்று மாதத்தில் தான் அன்றாடம் பார்க்கிற இனத்து முகத்தை அதிக நேரம் பார்க்கத் தொடங்குகிறது. 2005ல் வந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பழகிய முகம் பிடிக்கும், அவ்வளவுதான். அதில் மேல், கீழ் எதுவும் இல்லை. மேல், கீழ் என்பதை நாம்தான் சேர்க்கிறோம். நம் ஊர்ச் சாதியை முகத்தில் பார்க்கவும் முடியாது. ஆகவே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சாதி பார்த்து ஒதுக்குகிறது என்றால் அந்தத் தகவல் ஒரு பெரியவர் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். "எந்தத் தெரு?" "அப்பா என்ன பண்றாரு?" "என்ன சாமி கும்பிடுவாங்க?" பிள்ளை காதில் விழுகிற மாதிரி நாம் கேட்கிற இந்த மூன்று கேள்விகள் போதும்.

கும்பலாக உட்காருவது வேறு விஷயம். அமெரிக்காவில் 1994-95ல் 90,000 அளவுக்குப் பள்ளி மாணவர்களிடம் உன் நண்பர்கள் யார் என்று எழுதி வாங்கினார்கள். அந்த விவரங்களை வைத்து ஜேம்ஸ் மூடி என்ற சமூகவியலாளர் 2001ல் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டாலே நட்பு வந்துவிடுவதில்லை என்பது அதில் தெரிந்தது. ஓரளவு மட்டும் கலப்பு உள்ள பள்ளிகளில்தான் நட்பு இனவாரியாக அதிகம் பிரிந்து கிடந்தது. கலப்பு மிகவும் அதிகமான பள்ளிகளில் அது குறைந்தது. விளையாட்டு, இசைக்குழு, மன்றங்கள் ஆகியவற்றில் பிள்ளைகள் கலந்திருந்த பள்ளிகளிலும் குறைந்தது. நம் பள்ளிகளுக்கும் இது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். இங்கே கும்பல் எப்படிச் சேர்கிறது என்று கவனித்திருக்கிறேன். ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு கும்பல். ஒரே பஸ் என்றால் ஒரே ஊர், ஒரே ஊர் என்றால் பல சமயம் ஒரே தெரு. சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகள் ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். யாரும் சாதி பார்த்து உட்காரவில்லை. ஆனால் எழுந்து பார்த்தால் சாதியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேர்ந்து இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பர்மாவையே பார்க்கலாம். இந்தப் பக்கத்துப் பையன்கள் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக வேலை பழக அந்த நாட்டுக்குக் கப்பலேறினார்கள். பர்மியப் பேச்சைக் கற்றார்கள், வருடக்கணக்கில் அந்த மக்கள் நடுவில் இருந்தார்கள். கவுனி அரிசி நம் வீட்டுப் பலகாரமானது, தேக்கு நம் வீட்டுத் தூணானது. ஆனால் உறவு கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்ற உறவு. 1930களின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் போக, கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு 1937-38 வாக்கில் செட்டியார்கள் பெயருக்கு வந்துவிட்டது. 1938ல் இந்தியர்களுக்கு எதிராக அங்கே கலவரம் நடந்தது. 1960களில் மிச்சமிருந்தவர்களில் பலரும் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. அங்கே தனிப்பட்ட நட்புகள் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கூட்டம் அத்தனை காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒட்டவில்லை, ஏனென்றால் சமமாக இருக்கவில்லை.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954ல் சொன்னது இதைத்தான். இரண்டு கூட்டத்தார் பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் அதற்கு நான்கு வேண்டும்: பழகும் இடத்தில் சமநிலை, இருவருக்கும் பொதுவான ஒரு காரியம், அதைப் போட்டியில்லாமல் சேர்ந்து செய்வது, மேலே இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு. பிறகு 2006ல் பெட்டிக்ரூ, டிராப் இருவரும் 38 நாடுகளில் நடந்த 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பழக்கம் பெரும்பாலும் வெறுப்பைக் குறைக்கிறது என்று உறுதிசெய்தார்கள். நான்கும் முழுதாக இல்லாத இடத்திலும் ஓரளவு பலன் இருந்தது, இருந்தால் பலன் கூடியது. இந்த நான்கில் நம் ஊரில் முதலாவதுதான் அடிவாங்குகிறது.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் சமம் ஆகிவிடுமா? வகுப்பைக் கூட்டச் சொல்லி யாரை அனுப்புகிறோம், தண்ணீர்க் குடம் தூக்க யாரை, ஆசிரியர்களுக்கு டீ வாங்கிவர யாரை, கழிவறைக்குத் தண்ணீர் ஊற்ற யாரை? பிரார்த்தனைக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்ல யாரை? இதைப் பிள்ளைகள் கணக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் கழிவறை வேலைக்கு எப்போதும் அதே நான்கு பிள்ளைகள்தான் போவார்கள். நானும் ஒரு வருடம் அதைக் கவனிக்காமல் இருந்தேன். ஒரு நாள் வேறு ஒரு பையனைப் போகச் சொன்னபோது, "அது அவங்க வேலை டீச்சர்" என்றான். ஏழு வயது. அந்தப் பாடத்தை அவனுக்கு நடத்தியது என் வகுப்பறை.

அப்புறம் கூப்பிடுகிற முறை. நம் பக்கத்தில் உறவுமுறை சொல்லாமல் யாரையும் கூப்பிடுவதில்லை என்று பெருமையாகச் சொல்வோம். ஆச்சி, ஐயா, அண்ணே, அத்தை. ஆனால் வீட்டு வேலைக்கு வருகிற அறுபது வயது அம்மாளை எட்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, அந்த அம்மாள் அதைச் சின்ன ஆச்சி என்கிறார். அந்த அம்மாளின் பேத்தியும் இந்தப் பிள்ளையும் ஒரே வகுப்பு. காலையில் பள்ளியில் "வாடி, போடி". மாலையில் வீட்டில் பாட்டியைப் பார்க்க வந்தால் பின்கட்டு வழியாக வந்து "சின்ன ஆச்சி". அந்தப் பேத்திக்கு எது நிஜம் என்று தோன்றும்? நம்முடைய பெரிய வீடுகளில் திண்ணையும் முகப்பும் வெளியாளுக்கு, உள்ளே முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு குடும்பத்துக்கு, வேலைக்காரர்களுக்குப் பின்கட்டு. யார் எதுவரை வரலாம் என்பதைக் கட்டும்போதே தீர்மானித்துவிட்டார்கள். வீடு மாறி இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கோடு நம் மனதில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கோட்டைத்தான் உங்கள் மகள் முட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் தாங்களாகவே இதற்கெல்லாம் வழி கண்டுபிடிப்பவர்கள். காக்காக்கடி நினைவிருக்கிறதா? கம்மர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றிக் கடித்து, எச்சில் படாமல் பாதி கொடுப்பது. எச்சில் என்று பெரியவர்கள் போட்ட தடையை மதித்துக்கொண்டே அதைத் தாண்டி மிட்டாயைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதே போல விளையாட்டில் உத்தி பிரிப்பது. கிட்டத்தட்ட சம பலம் உள்ள இரண்டு பேர் ஜோடியாகத் தள்ளிப் போய் ஆளுக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு தோளில் கைபோட்டு வருவார்கள். ஒருத்தி மல்லிகை, ஒருத்தி தாமரை. தலைவி யார் எது என்று தெரியாமல் ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்ட பெயருக்கு உரியவள் அந்தக் கட்சி. என் தெரு, என் சொந்தம் என்று பொறுக்கி எடுக்கவே முடியாது.

2021ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு இந்த உத்திதான் நினைவுக்கு வந்தது. மாட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப்பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். சிலரைக் குலுக்கல் முறையில் பல சாதி கலந்த அணிகளில் போட்டார், சிலரை ஒரே சாதி அணிகளில். கலந்த அணியில் ஆடியவர்களுக்கு மற்ற சாதி நண்பர்கள் கூடினார்கள், தன் சாதிக்காரனுக்கே பரிசு போக வேண்டும் என்கிற எண்ணமும் குறைந்தது. மற்ற சாதிக்காரரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை, சிலவற்றில் தலைகீழாகவும் போனது. ஆகவே, உங்கள் ஊர் கபடிக்கும் பள்ளி விளையாட்டு விழாவுக்கும் தெருவுக்கு ஓர் அணி என்று சேர்ப்பதைப் போல மோசமான ஏற்பாடு இல்லை. உத்தி பிரியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு, நீங்கள் அங்கே கேட்க வேண்டிய முதல் காரியம் இதுதான் என்பேன்.

"இந்த மாதிரிப் பிள்ளைகளோடு சேர்ந்தால் படிப்பு கெட்டுவிடும்" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். டெல்லியில் 2007 முதல் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். கௌதம் ராவ் என்பவர் அந்த வகுப்புகளை ஆராய்ந்து 2019ல் எழுதினார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் பிறருக்குக் கொடுப்பதில் தாராளமாக இருந்தார்கள், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது குறைந்தது. மதிப்பெண்ணில் மொத்தத்தில் பெரிய பாதிப்பு இல்லை.

இப்போது அந்த ஒடிசாப் பிள்ளையைப் பற்றி. இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு என் மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அப்பா கம்பி கட்டுகிற வேலை. வகுப்பு அவளை இந்திக்காரி என்று கூப்பிட்டது. அவள் மொழி ஒடியா என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க நினைத்து அவளைப் பலகை முன்னால் நிறுத்தி, உன் பாஷையில் பேசு, எழுது என்றேன். அவள் பெயரை எழுதினாள். எல்லாம் வட்ட வட்டமான எழுத்து. பிள்ளைகள் ஜிலேபி என்று சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் அவள் குனிந்துகொண்டாள். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. ஒரு பிள்ளையைத் தன் கூட்டத்துக்கே பிரதிநிதியாக நிறுத்திக் காட்டுவது அதைக் கௌரவிப்பது ஆகாது. அது கண்காட்சி. நல்லிணக்க நாள் விழாக்களில் முஸ்லிம் பிள்ளைக்குத் தொப்பி போட்டு நிறுத்துவதிலும் எனக்கு இந்தச் சங்கடம்தான்.

பிறகு என்ன உதவியது என்றால் ஒரு பாடத்தைத் துண்டு போட்டுக் கொடுத்ததுதான். இது என் யோசனை இல்லை. 1971ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகளைப் புதிதாக ஒரே பள்ளியில் சேர்த்தபோது சண்டை ஓயவில்லை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி சொன்னார். பாடத்தை ஐந்தாறு துண்டாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். ஒருவர் துண்டை மற்றவர் பார்க்கக் கூடாது. எல்லாரும் தம் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் முழுப் பாடம் கிடைக்கும். கிண்டல் பண்ணிய பிள்ளையே, இவள் பேசினால்தான் எனக்கு மதிப்பெண் என்று பொறுமையாகக் கேட்க வேண்டிய நிலை. நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்காரத் தொடங்கியிருந்தார்கள், அதனால் இது எனக்கு எளிதாக இருந்தது. கண்மாய்ப் பாடம் நடத்தினேன். மடை, கலிங்கு, கரை, வரத்துக்கால், ஆயக்கட்டு. கலிங்கு அவள் பங்கு. தமிழ் அரைகுறை, ஆனால் படம் வரைந்து, கையை அசைத்து, தண்ணீர் மிஞ்சினால் இப்படி வழியும் என்று காட்டிவிட்டாள். அந்தக் குழுவில் இருந்த ஒருத்தி அன்று மத்தியானம் தன் எலுமிச்சைச் சோற்றை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொல்லவில்லை. நாலைந்து மாதத்தில் ஒடியாக்காரப் பெண் காரைக்குடித் தமிழ் பேசினாள், "என்னங்கடி" என்பாள்.

உங்கள் மகளின் ஆசிரியையிடம் போய் "எல்லாரையும் சேர்த்து உட்கார வையுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அது அவருக்குப் புகாராகத்தான் கேட்கும். செய்முறை வேலைக்குக் குழு பிரிக்கும்போது சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாமா என்று கேளுங்கள். மதிய உணவு வேளையில் டிபன் பாக்ஸ், சத்துணவு எல்லாம் ஒரே வரிசையில் உட்காரட்டுமே என்று கேளுங்கள். சாப்பாட்டைச் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதில் கிளம்பிய சர்ச்சை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கொடுக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே உப்புமாவை ஒரே மாதிரித் தட்டில் சாப்பிடும் அந்தப் பதினைந்து நிமிடம் எந்தப் பாடத்துக்கும் குறைந்தது இல்லை.

இனி உங்கள் வீடு. இங்கேதான் காரியம் இருக்கிறது. பள்ளி பக்கத்தில் உட்கார வைக்கும். நட்பு ஆவது வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு வரை போய், "அத்தை, இன்னொரு தோசை" என்று கேட்கும்போதுதான்.

மாமியாரிடம் பிள்ளைகள் முன்னால் சண்டை போடாதீர்கள். தனியாகப் பேசுங்கள், மகளின் கேள்வியை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். "உங்க பேத்தி இப்படிக் கேட்கிறா, நான் என்ன சொல்ல?" வயதானவர்கள் எங்கள் பேச்சுக்கு மசிய மாட்டார்கள், பேரப்பிள்ளை முகம் வாடினால் மசிவார்கள். இதை நான் ஒரு வீட்டில் இல்லை, பல வீட்டில் பார்த்திருக்கிறேன். அவர் உடனே மாறாவிட்டாலும் டம்ளர் விஷயத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை நீங்களே வாசலுக்குப் போய், "உள்ளே வாங்கடா கண்ணுகளா" என்று அழைத்து, வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுங்கள். மாமியார் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும். ஆல்போர்ட் சொன்ன நாலாவது நிபந்தனை, மேலே இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு, உங்கள் வீட்டில் நீங்கள்தான்.

இன்னொன்று. நீங்களும் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போங்கள். நட்பு என்றால் போக்கும் வேண்டும், வரத்தும் வேண்டும். அவர்கள் மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தால் அதுவும் ஒரு தயவுதான். காலனியில் அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தால் குடியுங்கள். ஒரு வாய் குடித்து வைத்துவிடாமல் முழுதும் குடியுங்கள். உங்கள் மகள் அதைப் பார்ப்பாள். அந்த அம்மாவை உங்கள் மகள் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் நீங்களே அங்கே சொல்லிவிடுங்கள், "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்று. அந்த ஒரு சொல் அந்த வீட்டில் எப்படி விழும் என்பது உங்களுக்கு அங்கே போனால்தான் தெரியும்.

"அவர்கள் நம் வீட்டுக்கு வரத் தயங்குகிறார்கள், பிடிக்கவில்லை போல" என்று ஒரு கட்டத்தில் தோன்றலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் மற்ற கூட்டத்தாரோடு பழக ஆசைப்பட்டார்கள், ஆனால் அவர்களுக்குத்தான் நம்மோடு பழக விருப்பமில்லை என்று இரு தரப்புமே நினைத்துக்கொண்டிருந்தது என 2005ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. திண்ணையில் ஒருமுறை பேப்பர் கப் வாங்கிக் குடித்த பிள்ளை, தானாக மறுபடி படியேறாது. அழைப்பு உங்களிடமிருந்துதான் போக வேண்டும், ஒரு தடவைக்கு மேலும்.

மகளிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். பத்து வயதுக்குச் சாதி என்ற சொல் புரியும். "ரொம்ப நாளாக நம் ஊரில் சிலரை உள்ளே விடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அது தப்பு. பாட்டி அதைச் சின்ன வயதில் கற்றுக்கொண்டுவிட்டார். நாம் மாற்றப் போகிறோம்." இவ்வளவு போதும். நாம் பேசாமல் விட்டால் வேறு யாரோ பேசுவார்கள், அவர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

நிலைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆறு, ஏழாம் வகுப்பில்தான் கண்டம். வயது ஏற ஏற வேறு கூட்டத்து நட்பு குறைகிறது என்று வெளிநாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். இங்கே அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. பள்ளி மாறும், பஸ் மாறும். பெண் பிள்ளை பெரியவளானதும் வெளியே போவதை நிறுத்துவார்கள். சடங்குக்கு யாரை அழைப்பது, யாரைப் பந்தியில் உட்கார வைப்பது என்பதில் பல நட்புகள் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டாளிகள் இருவர் பெயரையும் உங்கள் வீட்டுப் பட்டியலில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பையன்களுக்கு அந்த வயதில் வேறு ஆபத்து: கையில் வண்ணக் கயிறு, சாதித் தலைவர் படம் போட்ட பனியன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயரை நீக்குதல், அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைத்தல் என்று பல பரிந்துரைகள். அவை வேண்டும் என்று நினைப்பவள் நான். அதோடு, அந்த வெட்டியவர்களுக்கும் ஒரு ஐந்தாம் வகுப்பு இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். அப்போது யாருடைய டம்ளரில் தண்ணீர் குடித்திருப்பார்கள், யாரைத் திண்ணையோடு அனுப்பியிருப்பார்கள் அவர்கள் வீட்டில்?

கடைசியாக, ஒடிசாப் பிள்ளை விஷயத்தில் ஒரு காரியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அவள் அப்பாவின் கைபேசி எண்ணை இந்த வாரமே வாங்கி எழுதி வையுங்கள், ஊர்ப் பெயரோடு. வேலை முடிந்தால் அவர்கள் வருட நடுவில் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். என் வகுப்பில் இருந்தவள் பொங்கல் விடுமுறைக்குப் போனவள்தான். எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் அந்த வருடம் முடிகிற வரை இருந்தது. தினமும் நான் அதைக் கூப்பிடும்போது, அந்த எலுமிச்சைச் சோற்றுக்காரி எழுந்து நின்று "இன்னும் வரலை டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்காருவாள்.